தாத்தாவின் சிறைக்குப் பேரனை அனுப்பினால் சிரிப்பு வருமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். பிபிசியின் 1970-களின் சிறைச் சிட்காமான ‘போரிட்ஜ்’ தொடரை நீங்கள் சமீபத்தில்தான் ஒரே மூச்சில் பார்த்திருக்கிறீர்கள். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள். அப்புறம், அதே எழுத்தாளர்கள் இருவரையும் வைத்தே பிபிசி 2016-இல் அதை மறுபடி எடுத்தது என்று தெரிந்து அதையும் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். சிரிப்பு வரவில்லை. “எழுதுகிறவர்களுக்கு வயதாகிவிட்டதா, இல்லை இந்தக் காலத்தில் சிறையை வைத்துக் காமெடி செய்யவே முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்பது வேறு ஒன்று என்று படுகிறது. பழைய தொடர் ஒன்றை மறுபடி எடுக்கும்போது எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும், எதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட வேண்டும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பல வருடங்களாகத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் திரைக்கதை திருத்துகிறவன். அடுத்தவர் எழுதிய காட்சியை எடுத்து, சிரிப்பு ஏன் வரவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ‘போரிட்ஜ்’ எழுத்துப் பட்டறைகளில் பாடமாகவே வைக்கப்படும் தொடர் என்பதால் அதைப் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் சிறைக்குள் நான் வேலை பார்த்ததில்லை, பிபிசிக்குள் முடிவெடுத்தவர்களோடும் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே திரைக்கதை பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். மற்றதை என் கணிப்பு என்று குறிப்பிட்டே சொல்வேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 1973-இல் ரோனி பார்க்கர் என்ற நடிகரை வைத்து, ‘செவன் ஆஃப் ஒன்’ என்ற பெயரில் ஏழு தனித்தனி நகைச்சுவைக் கதைகளை பிபிசி ஒளிபரப்பியது. எது தேறுகிறதோ அதைத் தொடராக்கலாம் என்பது ஏற்பாடு. அதில் டிக் கிளெமென்ட்டும் இயன் லா ஃபிரெனேயும் எழுதிய ‘பிரிசனர் அண்ட் எஸ்கார்ட்’ தேறியது. சின்னத் திருட்டுகளே தொழிலாகக் கொண்ட நார்மன் ஸ்டான்லி ஃபிளெட்சர் என்பவனை, இரண்டு காவலர்கள் ஸ்லேட் என்ற வடக்கத்திச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான் கதை. கதை முடியும்வரை சிறையே வராது. 1974 செப்டம்பர் முதல் 1977 வரை மூன்று சீசன்களும் இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்புக் கதைகளும் வந்தன. பைலட் எனப்படும் அந்த முன்னோட்டக் கதையையும் சேர்த்தால் மொத்தமே 21. கணவன் மனைவி சண்டையைக்கூட நூறு எபிசோடு இழுக்கும் காலத்தில் இருக்கிறவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

எழுத்தாளர்கள் இருவரும் எழுதுவதற்கு முன் உண்மையான சிறைகளைப் போய்ப் பார்த்தார்கள். பார்த்து மனம் சோர்ந்துபோய், இதில் எங்கே சிரிப்பது என்று முழித்திருக்கிறார்கள். சிறையில் இருந்து வெளியே வந்த ஒருவரோடு பேசியபோதுதான் வழி கிடைத்தது. உள்ளே இருப்பவன் ஒவ்வொரு நாளும் அமைப்புக்கு எதிராக ஏதாவது ஒரு சின்ன வெற்றி பெற்றுக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறான் என்பது அவர் சொன்னதன் சாரம். தொடர் முழுக்க இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. இரண்டாம் சீசனில் ‘ஜஸ்ட் டெசர்ட்ஸ்’ என்று ஒரு எபிசோடு. ஃபிளெட்சரின் செல்லில் இருந்து ஒரு டின் அன்னாசித் துண்டுகள் காணாமல் போகிறது. அதுவும் அவனே சிறைச் சமையலறையிலிருந்து திருடியதுதான். ஆனால் அவனுக்கு வரும் ஆத்திரத்தைப் பார்க்கவேண்டும். திருடர்களுக்கு நடுவில் ஒரு திருடன் இருக்கிறான் என்று பதறுகிறான், விசாரணைக் கூட்டம் போடுகிறான், ஒவ்வொருவனாக நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்கிறான். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஒரு டப்பா அது. வெளியே அந்த டப்பாவை வைத்து ஒரு நிமிடம்கூடக் கதை பண்ண முடியாது. உள்ளே அரைமணி நேரம் நிற்கிறது. காரணம், உள்ளே எல்லாமே பஞ்சம். பஞ்சம் இருக்கிற இடத்தில் ஒரு பொருளின் விலை ஏறும். விலை ஏறினால் மனிதர்கள் கோமாளித்தனம் செய்வார்கள், தந்திரம் செய்வார்கள், கௌரவம் பார்ப்பார்கள். சிறைச் சிட்காமின் எஞ்சின் இந்தப் பஞ்சம்தான்.

இரண்டாவது விஷயம் காலம். ஃபிளெட்சருக்குத் தண்டனை ஐந்து வருடம். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் குரல் கேட்கும், பின்னணியில் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டும் சத்தம். (அந்த நீதிபதியின் குரலும் பார்க்கருடையதுதான்.) பார்க்கிறவருக்கு அந்த ஐந்து வருடம் ஒரு பெரிய நிம்மதி. இவன் ஒருநாள் வெளியே வருவான், அதுவரை எப்படிப் பொழுதைத் தள்ளுகிறான் என்று மட்டும் பார்த்தால் போதும். தண்டனைக்கு ஒரு எண் இருந்தால் சிரிக்கலாம். முடிவே தெரியாத தண்டனை என்றால் அதே காட்சி நெஞ்சை அடைக்கும்.

முதல் சீசனின் மூன்றாவது எபிசோடான ‘எ நைட் இன்’ இதைக் காட்டுகிறது. லெனி காட்பர், முதல்முறையாக உள்ளே வந்த இளைஞன், ரிச்சர்ட் பெக்கின்சேல் நடித்தது. ஃபிளெட்சரின் செல்லுக்கு அவனை மாற்றுகிறார்கள். கதவு பூட்டப்படுகிறது, விளக்கு அணைகிறது, மறுநாள் காலை கதவு திறக்கும்வரை அவர்கள் இருவர் மட்டும்தான். காட்பருக்கு ராத்திரிதான் தாங்க முடியவில்லை. வெளியே இருந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்போம் என்ற நினைப்பு அவனை அரிக்கிறது. ஃபிளெட்சர் அவனுக்குப் புத்திமதி சொல்வதில்லை. இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம், வீட்டிலேயே சும்மா இருப்போம் என்று நாமாகவே முடிவு செய்ததாக நினைத்துக்கொள் என்று ஒரு வழி சொல்லிக்கொடுக்கிறான். மேல் கட்டிலில் ஒருவன், கீழ்க் கட்டிலில் ஒருவன், இருட்டில் இரண்டு குரல். பார்வையாளர்களை உட்காரவைத்து ஸ்டூடியோவில் எடுத்த ஒரு ஜனரஞ்சக நிகழ்ச்சியில் 1974-இல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். கதைச் சம்பவம் என்று ஒன்றுமே கிடையாது. அனுபவஸ்தன் ஒருவன் புதியவனுக்குக் காலத்தைக் கடக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

மூன்றாவது, எதிராளி. தலைமைக் காவலர் மெக்கே, ஃபுல்டன் மெக்கே நடித்தது. கழுத்தை வெட்டி வெட்டித் திருப்பும் அந்த ஸ்காட்லாந்துக்காரர். அவருக்குக் கீழே பாரக்ளஃப், பிரையன் வைல்ட் நடித்தது. கைதிகள் மேல் நம்பிக்கை வைத்து ஏமாறுகிற நல்ல மனுஷன். ‘டிஸ்டர்பிங் தி பீஸ்’ எபிசோடில் மெக்கே பயிற்சிக்காக வெளியூர் போகிறார். கைதிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவருக்குப் பதிலாக வருகிறவன் இன்னும் மோசம். கடைசியில் மெக்கேயைத் திரும்ப வரவழைக்கக் கைதிகளே கலாட்டா செய்யும் நிலை. விரோதிதான், ஆனால் தெரிந்த விரோதி. அவனுக்கும் விதிகள் உண்டு, அந்த விதிகள் நமக்கும் தெரியும். கொலைக் குற்றத்துக்காக நீண்ட காலம் உள்ளே இருந்து பிறகு பத்திரிகை எழுத்தாளரான எர்வின் ஜேம்ஸ், பிரிட்டிஷ் சிறைகளில் கைதிக்கும் காவலருக்கும் இருக்கும் உறவை ஃபிளெட்சர்–மெக்கே மோதல் அளவுக்கு உண்மையாக எதுவும் காட்டியதில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அனுபவித்தவர் சொன்னது என்பதால் விமர்சகர்கள் சொல்வதைவிட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

சரி, இப்போது 2016. பிபிசி தொலைக்காட்சியில் ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ என்ற சிட்காம் தொடங்கி அறுபது வருடம் ஆனதை ஒட்டி, பழைய வெற்றித் தொடர்கள் பலவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்?’ புது நடிகர்களோடு ஒரு எபிசோடு வந்தது, ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ தொடரின் முன்கதை ஒன்று வந்தது. அந்த வரிசையில் ‘போரிட்ஜ்’ ஒரு எபிசோடு, கிளெமென்ட்–லா ஃபிரெனே எழுத்தில். இருவரும் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கர் 2005-இலேயே காலமாகிவிட்டார். ஆகவே நாயகன் ஃபிளெட்சரின் பேரன், நைஜல் நார்மன் ஃபிளெட்சர், கெவின் பிஷப் நடித்தது. இணையக் குற்றத்துக்காக உள்ளே போகிறான், களி தின்ன வந்த மூன்றாம் தலைமுறை. தண்டனை அதே ஐந்து வருடம். சிறை மட்டும் வேக்லி என்று வேறு பெயர். வரவேற்பு பரவாயில்லை என்று முழுத் தொடருக்கு அனுமதி கொடுத்தார்கள், 2017 அக்டோபரில் ஆறு எபிசோடு ஓடியது. அதோடு சரி, இரண்டாம் சீசன் வரவில்லை.

அந்தத் தொடரை நான் எழுத்தாக வைத்துப் பார்க்கிறேன். வசனம் மோசமில்லை. தனித்தனியாக எடுத்தால் நல்ல ஜோக்குகள் இருக்கின்றன, எண்பது வயதில் இவ்வளவு சுருக்காக எழுத முடிந்தால் நான் கோயிலுக்கு மொட்டை போடுவேன். ஆகவே உங்கள் முதல் சந்தேகத்தை ஓரம் கட்டிவிடலாம், வயது காரணம் இல்லை. பிரச்சினை பழைய தொடரில் இருந்து எதை எடுத்தார்கள் என்பதில். கறார்க் காவலர் ஒருவர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர், மெக்கேயின் நிழல். இளகிய மனசுக் காவலர் ஒருவர், பாரக்ளஃபின் நிழல். எல்லாரையும் ஆட்டிவைக்கும் தாதா ஒருவன், பழைய ஹாரி கிரவுட்டின் நிழல். பழைய உருவங்களின் வெளிக்கோட்டை அப்படியே வரைந்து புது ஆட்களை உள்ளே நிற்கவைத்திருக்கிறார்கள். பஞ்சம், காலம், தெரிந்த விரோதி என்று நான் மேலே சொன்ன மூன்றையும் புதிதாகக் கட்டவில்லை.

ஒரு உதாரணம். பேரன் ஃபிளெட்சரின் செல் தோழன் லாட்டர்பி, வயதான கைதி. (பழைய தொடரை இயக்கித் தயாரித்த சிட்னி லாட்டர்பிக்கு மரியாதையாக வைத்த பெயர். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.) பெயர் அழகுதான், ஆனால் இந்த இடத்தில் ஒரு விஷயம் தலைகீழாகிவிட்டது. பழையதில் நாயகன் அனுபவஸ்தன், பக்கத்தில் இருப்பவன் புதியவன். சிறையின் விதிகளை நாயகன் புதியவனுக்குச் சொல்ல, நாமும் கேட்டுக்கொள்வோம். நாயகனின் சாமர்த்தியத்துக்கு முப்பது வருடக் களி பின்னால் இருக்கிறது என்று நம்புவோம். புதியதில் நாயகன் இளைஞன். அவனுக்கு இந்த மிடுக்கு எங்கிருந்து வந்தது? இரத்தத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாத்தா மாதிரியே பேசுகிறான், தாத்தா மாதிரியே மடக்குகிறான், ஆனால் தாத்தா பட்ட பாடு அவன் படவில்லை. வயதும் சலிப்பும் சேர்ந்து கொடுத்த நகைச்சுவையை இளைஞனின் வாயில் வைத்தால் அது வெறும் வாய்த்துடுக்காகக் கேட்கும். பிஷப் திறமையான நடிகர், ஆள்மாதிரி செய்வதில் பெயர் எடுத்தவர். இங்கே அதுவே அவருக்கு இடைஞ்சலாக இருந்தது என்று நினைக்கிறேன், பார்க்கரின் சாயல் வரும் இடங்களில் எல்லாம் நமக்குப் பார்க்கர்தான் ஞாபகம் வருகிறார்.

அப்புறம் அவனுடைய தொழில். கணினிக் குற்றவாளி என்றதும் நவீனமாகிவிட்டது என்று தோன்றியிருக்கலாம். ஆனால் திருடனைச் சிறையில் போட்டாலும் அவன் கைகள் அவனோடு வரும், அன்னாசி டப்பாவைத் திருடலாம். ஹேக்கரைச் சிறையில் போட்டால் அவன் கருவியையே பிடுங்கிவிடுகிறோம். ஒரு கணினிக்கு முன்னால் அவனை உட்காரவைக்க ஒவ்வொரு முறையும் கதையை வளைக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், அந்த நாற்பது வருடத்தில் இங்கிலாந்துச் சிறை வேறு இடமாகிவிட்டது. ஃபிளெட்சர் காலத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் நாற்பதாயிரம். 2016-இல் சுமார் 85,000. அன்று செல்லுக்குள் கழிப்பறை கிடையாது, இரவெல்லாம் வாளி, காலையில் வரிசையாகப் போய்க் கொட்ட வேண்டும். மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 1990-இல் நடந்த பெரிய கலவரத்துக்குப் பிறகு அதை ஒழிக்க முடிவெடுத்து, 1996-இல்தான் முடித்தார்கள். அன்று உள்ளே நாணயம் என்றால் புகையிலை. கடன், வட்டி, லஞ்சம், பந்தயம் எல்லாம் அதில்தான். பழைய தொடரின் பாதிக் கதைகளுக்கு அதுதான் எரிபொருள். 2018-க்குள் இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிறைகள் தவிர மற்றவற்றில் புகைபிடிக்கவே தடை வந்துவிட்டது. அந்த நாணயம் போய் அந்த இடத்தில் வேப் என்ற மின்சிகரெட், மாத்திரை, ‘ஸ்பைஸ்’ என்ற செயற்கைப் போதைப்பொருள், சுண்டுவிரல் அளவுச் செல்போன் எல்லாம் வந்தன. பொருள் வருவதும் சுவருக்கு மேல் டிரோனில். 1990-களின் கடைசியிலிருந்து செல்லுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி வேறு வந்துவிட்டது. ‘எ நைட் இன்’ கதையை இன்றைக்கு அப்படியே எழுத முடியாது, காட்பர் ரிமோட்டை அமுக்கிவிட்டுப் படுத்துவிடுவான்.

2010-க்குப் பிறகு செலவுக் குறைப்பில் தளத்தில் நிற்கும் காவலர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனார்கள். அனுபவமுள்ள மெக்கேக்கள் வேலையை விட்டுப் போனார்கள். பிறகு அவசரமாக ஆள் எடுத்தார்கள். பதினெட்டு வயது ஆனாலே சிறைக் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆள் போதாததால் கைதிகளை ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேலும் செல்லுக்குள் பூட்டிவைக்கிற சிறைகள் வந்தன. 2016 டிசம்பரில் பர்மிங்காம் சிறையில் பெரிய கலவரமே வெடித்தது, புது ‘போரிட்ஜ்’ பைலட் ஒளிபரப்பாகி நாலே மாதத்தில். தொடரைப் பார்த்துவிட்டுச் செய்தி பார்த்தவருக்கு இரண்டும் வேறு வேறு நாட்டுச் சிறைகளாகத் தெரிந்திருக்கும்.

மறுபடி எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1973-இன் அதே ‘செவன் ஆஃப் ஒன்’ வரிசையில் இருந்து தேறிய இன்னொரு தொடர் ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’. கஞ்சக் கடைக்காரர் ஆர்க்ரைட்டாக பார்க்கர், அவரிடம் மாட்டிக்கொண்டு காலம் முழுக்க எடுபிடி வேலை செய்யும் சகோதரி மகன் கிரான்விலாக டேவிட் ஜேசன். 2013 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதை ‘ஸ்டில் ஓப்பன் ஆல் அவர்ஸ்’ என்று கொண்டுவந்தார்கள். ஒரு நாள் விசேஷமாக வந்தது அமோகமாக ஓடி, 2019 வரை தொடராக நீடித்தது. விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை, ஜனங்கள் பார்த்தார்கள். இது ஏன் ஓடியது? கல்லாப் பெட்டி அதே, விரலைக் கடிக்கும் அதே கல்லாப் பெட்டி. ஆனால் அதற்குப் பின்னால் நிற்கிற கிரான்வில் இப்போது கிழவன். மாமாவின் கஞ்சத்தனத்தைச் சபித்துக்கொண்டே வளர்ந்தவன் அதே கஞ்சனாக மாறி நிற்கிறான், தன் பிள்ளையை வேலை வாங்குகிறான். நாற்பது வருடமாக அவனைப் பார்த்த ஜனங்களுக்கு இதில் சிரிப்பும் இருக்கிறது, ஒரு வலியும் இருக்கிறது. பேரன் ஃபிளெட்சரை நாம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாரிசு என்று அறிமுகம் செய்தால் மட்டும் வாரிசு ஆகிவிட முடியாது.

சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பாடம் கிளெமென்ட்டுக்கும் லா ஃபிரெனேக்கும் யாரையும்விட நன்றாகத் தெரியும். அவர்களின் முதல் வெற்றி 1964-66-இல் வந்த ‘தி லைக்லி லேட்ஸ்’, வடகிழக்கு இங்கிலாந்தின் இரண்டு தொழிலாளி இளைஞர்கள் பாப், டெரி பற்றியது. 1973-இல் அதை மறுபடி எடுத்தபோது பழைய கூத்தைத் திரும்பப் போடவில்லை. டெரி ராணுவத்தில் இருந்து திரும்பி வருகிறான். பாப் இதற்குள் புதுக் காலனியில் வீடு, நல்ல வேலை, கல்யாண ஏற்பாடு என்று நடுத்தர வர்க்கம் ஆகிவிட்டான். போன வருடங்கள்தான் புதிய கதை. முதல் தொடரைவிட இரண்டாவதுதான் மேல் என்று சொல்கிறவர்கள் ஏராளம், நானும் அந்தக் கட்சி. ‘போரிட்ஜ்’ முடிந்ததும் அவர்கள் செய்ததும் இதுதான். 1978-இல் ‘கோயிங் ஸ்ட்ரெய்ட்’ என்று, விடுதலையான ஃபிளெட்சர் நேர்மையாக வாழப் படும் பாட்டை ஆறு எபிசோடு எழுதினார்கள். அது பழையது அளவுக்கு மனதில் நிற்கவில்லை. சுவர் இல்லை, ஆகவே பஞ்சமும் இல்லை. அடுத்த வருடம் பெக்கின்சேல் முப்பத்தொரு வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். அந்த ஜோடியை மேற்கொண்டு வளர்க்க வழியே இல்லாமல் போனது.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். நாயகன்–தோழன் உறவு தலைகீழானது, ஹேக்கருக்குச் சிறையில் கருவி இல்லாதது, பழைய பாத்திரங்களின் நிழலை வைத்தது எல்லாம் திரையிலேயே இருக்கிறது, யாரும் சரிபார்க்கலாம். அதனால்தான் இரண்டாம் சீசன் வரவில்லை என்று சொன்னால் அது ஊகம். ஒரு தொடர் நிற்பதற்குப் பணம், நேரப் பட்டியல், மேலே உட்காருகிறவர் மாறுவது என்று எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள் இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு தொடர், நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, சேனலில் ஒருவர் மாறியதால் நின்றது. பார்க்கர் இல்லாததே முழுக் காரணமாகவும் இருக்கலாம், அந்த வாதத்தை என்னால் முறியடிக்க முடியாது. பார்க்கர் புருவத்தைத் தூக்கினால் அதற்குத் தனியாக ஒரு சிரிப்பு வரும், அதைத் திரைக்கதையில் எழுதிவைக்க முடியாது.

உங்கள் இரண்டாவது சந்தேகம், இந்தக் காலத்தில் சிறையைப் பார்த்துச் சிரிக்கலாமா என்பது. இது புதுக் கேள்வி இல்லை. 1975-இல் அமெரிக்காவின் ஏபிசி இதே தொடரை ‘ஆன் தி ராக்ஸ்’ என்று எடுத்தது, எழுதியதும் இதே இருவர்தான். சிறையை ஜாலியான இடமாகக் காட்டுகிறார்கள் என்று அப்போதே எதிர்ப்பு வந்தது, ஒரே சீசனோடு நின்றது. பழைய ‘போரிட்ஜ்’ தொடரிலும் நிறைய மறைத்திருந்தார்கள். கெட்ட வார்த்தைக்குப் பதில் ‘நாஃப்’, ‘நெர்க்’ என்று ஒப்புக்கு வார்த்தைகள் வைத்தார்கள். அடிதடி பெரும்பாலும் திரைக்கு வெளியே. அன்றைய பார்வையாளர் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார், ஏனென்றால் சிறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இன்றைக்குக் கைதியே திருட்டுச் செல்போனில் உள்ளே இருந்து வீடியோ எடுத்துப் போடுகிறான். மறைத்தால் பொய் என்று தெரியும், எல்லாவற்றையும் காட்டினால் சிரிப்பு போய்விடும். ஆகவே முடியாது என்று இல்லை, இடம் குறுகிவிட்டது என்பேன். ஸ்டூடியோ பார்வையாளர்களின் சிரிப்பொலியோடு எடுப்பது அந்த இடத்தை இன்னும் குறுக்கும். ஒரு செல்லுக்குள் இருவர் பேசும் நாடகத்துக்கு அந்தச் சிரிப்பு பலம், சிறை முழுக்கச் சுற்றும் கதைக்கு அதுவே இடைஞ்சல்.

எனக்கு யாராவது இந்த வேலையைக் கொடுத்தால் ஃபிளெட்சர் என்ற பெயரையே எடுத்துவிடுவேன். முப்பது வருடமாக உள்ளேயும் வெளியேயும் போய்வருகிற ஐம்பத்தைந்து வயதுத் திருடன் ஒருவன். அவன் தளத்துக்குப் புதிதாக ஒரு காவலர் வருகிறாள், வயது இருபது, இதற்கு முன் சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்தவள். அவளுக்குச் சாவிக்கொத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. யாரை எப்போது பூட்ட வேண்டும், எந்தப் படிவம் எங்கே, இன்றைக்கு எந்த இருவரைச் சேர்த்துவிடக் கூடாது எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவள் தடுமாறினால் எல்லாரும் நாள் முழுக்க செல்லுக்குள் கிடக்க வேண்டும், ஆகவே அவள் தேறுவது அவனுக்கு லாபம். அவள் நன்றாகத் தேறிவிட்டால் அவன் ஏய்ப்புகள் எல்லாம் அவளுக்குப் புரிந்துவிடும், ஆகவே அவள் தேறாமல் இருப்பதும் அவனுக்கு லாபம். காட்பரின் இடத்தில் காவலரையே உட்காரவைத்துவிட்டால் கற்றுக்கொடுப்பவன்–கற்பவன் உறவும், தெரிந்த விரோதியும் ஒரே ஆளில் கிடைத்துவிடுகின்றன. பஞ்சமும் தானாக வரும். இன்றைக்குச் சிறையில் அன்னாசி டப்பாவைவிட அரிதான பொருள் ஒன்று இருக்கிறது, பூட்டாத கதவு. பத்து நிமிடக் குளியல், முற்றத்தில் அரைமணி நேரம், மருத்துவரைப் பார்க்கக் கூட்டிப்போக ஒரு காவலர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எபிசோடு எழுதலாம். தண்டனைக்கு மட்டும் எண் வேண்டும். 2005-இல் கொண்டுவந்து 2012-இல் ரத்தான காலவரையற்ற தண்டனையில் மாட்டியவர்கள் பலர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அப்படி ஒருவனைப் பக்கத்து செல்லில் வைப்பேன், வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் அவன் பேசட்டும். நாயகனாக வைக்கமாட்டேன்.

இது ஓடுமா என்று கேட்டால் தெரியாது, காகிதத்தில் நன்றாக இருந்து ஸ்டூடியோவில் படுத்துப்போனவை என் அலமாரியிலேயே நிறைய இருக்கின்றன. நீங்கள் ஒன்று செய்யுங்கள். ‘எ நைட் இன்’, ‘ஜஸ்ட் டெசர்ட்ஸ்’ இரண்டையும் மறுபடி பாருங்கள். உடனே 2016 பைலட்டைப் போட்டு, ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காவிட்டால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்தக் காட்சியில் எழுத ஒன்றும் இல்லாமல் பேனா நிற்கிறதோ அதைக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள், அந்தக் காட்சியை எடுத்துப் பேசலாம்.